என் (N) ஸ்கேல் மாடல் ரயில் லேஅவுட்: அறிகுறியை வைத்துப் பழுது பிடிக்கும் முறை

என் (N) ஸ்கேல் என்பது மாடல் ரயில்களின் ஓர் அளவு. அதில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடைவெளி 9 மி.மீ. அளவு 1:160. நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் இங்கே 6.25 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஓர் அறையைச் சுற்றி இரண்டு அடுக்கில் லேஅவுட் போட முடிவது இதனால்தான். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தொல்லையும் புரியும்: ஓர் இணைப்பில் 0.2 மி.மீ. மேடு இருந்தால், அது நிஜத் தண்டவாளத்தில் 32 மி.மீ. படிக்குச் சமம். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஓர் அறை முழுக்கப் பரவிய, டிசிசி முறையில் (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வோர் எஞ்சினையும் தனித்தனியே இயக்கும் முறை) ஓடும், மேல் அடுக்குக்குச் சுருள் பாதை உள்ள லேஅவுட். சிறிய லேஅவுட்டில் பழுதை ஊகித்தே கண்டுபிடித்துவிடலாம். நாற்பது ஐம்பது மீட்டர் பாதையும் முப்பது பாயின்ட்டும் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) வந்த பிறகு ஊகம் வேலைக்கு ஆகாது. எது கெட்டாலும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பழுது இடத்தோடு நிற்கிறதா, வண்டியோடு போகிறதா? ஒரே இடத்தில் பல வண்டிகள் தகராறு செய்தால் பாதையைப் பாருங்கள். ஒரே வண்டி பல இடங்களில் தகராறு செய்தால் வண்டியைப் பாருங்கள். இதை உறுதி செய்யாமல் அரத்தைக் கையில் எடுத்தால், நன்றாக இருந்த பாயின்ட்டும் கெட்டுப்போகும்.

கையில் இருக்க வேண்டியவை: என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) வெளியிடும் என் ஸ்கேல் அளவுத் தகடு (பாதை, சக்கர இடைவெளிகளைச் சோதிக்கும் உலோகத் தகடு), மல்டிமீட்டர், ஊசி அரங்கள், சிறு கண்ணாடி, 12 வோல்ட் கார் பல்புகள் இரண்டு (21 வாட், 10 வாட்), நன்றாக ஓடும் என்று சந்தேகமில்லாத ஓர் எஞ்சின், ஒரு பெட்டி. கடைசி இரண்டையும் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

அறிகுறி: ஒரே இடத்தில் எல்லா வண்டியும் தடம் புரள்கிறது

வண்டி கவிழ்ந்து கிடக்கும் இடம் பழுதான இடம் அல்ல. சக்கரம் இறங்கிய பிறகும் பெட்டி ஓரடி, இரண்டடி இழுபட்டுத்தான் கவிழும். ஸ்லீப்பர்களின் மேல் சக்கர விளிம்பு கீறிய கோடு இருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். கோடு தொடங்கும் இடத்தில் காகிதத் துண்டு ஒட்டுங்கள். கீறல் தெரியவில்லை என்றால் கைபேசியைப் பாதை மட்டத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். எந்தச் சக்கரம், எந்தப் பக்கம் முதலில் ஏறியது என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்த இடம் ஓர் இணைப்பு என்றால் நகத்தை இரண்டு திசையிலும் மேலேயும் உள்பக்கமும் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். என் ஸ்கேலில் மிக அதிகமாக நடப்பது இது: தண்டவாளத்தின் அடிப்பகுதி ஜாயினரின் (இரண்டு தண்டவாள முனைகளைச் சேர்க்கும் சிறு உலோகக் கவ்வி) பள்ளத்துக்குள் நுழையாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோனால்தான் படி தெரியும். அரத்தால் தேய்த்து மட்டமாக்குவது தீர்வல்ல. சால்டரிங் இரும்பால் சூடேற்றி ஜாயினரைக் கழற்றி, தண்டவாள முனையின் அடியில் அரத்தால் லேசாகச் சரிவு கொடுத்து, புது ஜாயினர் போடுங்கள். பழைய ஜாயினர் விரிந்திருக்கும், திரும்பப் பிடிக்காது.

அந்த இடம் வளைவுக்குள் இருக்கும் இணைப்பு என்றால் பெரும்பாலும் அங்கே ஒரு கோணம் விழுந்திருக்கும். வளையும் பாதைத் துண்டுகளை முதலில் வளைத்துவிட்டுப் பிறகு சேர்த்தால், முனைகள் நேராக நிமிரப் பார்க்கும். சரியான முறை:

1. இரண்டு துண்டுகளையும் மேசையில் நேராக வைத்து ஜாயினர் போட்டுச் சால்டர் செய்யுங்கள்.
2. சேர்ந்த ஒரே துண்டாக வளையுங்கள்.
3. உள் தண்டவாளம் நீண்டு வெளியே வரும். 90 பாகை திருப்பத்துக்குச் சுமார் 14 மி.மீ. அதை வெட்டி, முனையின் பிசிறை எடுங்கள்.
4. இணைப்புக்காக எடுத்த ஸ்லீப்பர்களின் மேல்பக்கத்தைத் தேய்த்து மெல்லியதாக்கி அடியில் நுழைத்துவிடுங்கள். தேய்க்காமல் நுழைத்தால் அவையே பாதையைத் தூக்கிவிடும். நுழைக்காமல் விட்டால் அந்த இடத்தில் இடைவெளி நெருங்கும்.

இணைப்பே இல்லாத இடத்தில் புரண்டால் அளவுத் தகட்டை ஓட்டிப் பாருங்கள். இறுகினால் இடைவெளி குறைந்திருக்கிறது. ஆணி அடித்துப் பொருத்திய பாதையில், ஆணியைக் கூடுதலாக அழுத்தியதில் ஸ்லீப்பர் நடுவில் குழிந்து இரண்டு தண்டவாளமும் உள்ளே சாய்ந்திருக்கும். ஆணியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, மெலிதாகத் தடவிய பசையில் பாதையை உட்கார வையுங்கள். அளவு சரியாக இருந்தும் புரண்டால், ஏற்றம் தொடங்கும் இடமா என்று பாருங்கள். மட்டப் பாதை சட்டென்று 2 சதவீத ஏற்றமாக மாறினால் நீள எஞ்சினின் நடுச்சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும். முப்பது நாற்பது செ.மீ. தூரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றத்தைக் கூட்டுங்கள்.

அறிகுறி: பாயின்ட்டில் மட்டும் புரள்கிறது

எந்தத் திசையில் என்று முதலில் பிரியுங்கள். நாக்கு (பாயின்ட்டில் நகர்ந்து பாதையை மாற்றும் தண்டவாளம்) முனைக்கு எதிரே வரும்போது மட்டும் என்றால், நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டவில்லை. இடையில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் சக்கர விளிம்பும் நுழையும். காரணம் பெரும்பாலும் ஒரு சரளைத் துகள் அல்லது சரளை ஒட்டிய பசையின் துளி. அதை ஊசியால் எடுங்கள். துகள் இல்லையென்றால் பாயின்ட் மோட்டாரின் கம்பி மெலிதாக இருந்து வளைந்துகொடுக்கிறது, ஒரு சுற்று தடித்த கம்பி போடுங்கள். நாக்கின் முனை மொட்டையாக இருந்தால் உள்பக்கத்தை அரத்தால் கத்தி போல் சரிவாக்குங்கள். நாலைந்து இழுப்பு போதும், அதிகம் தேய்த்தால் முனை வளையும்.

ஃப்ராக்கில் (பாயின்ட்டில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் வி வடிவ இடம்) துள்ளினால், எதிர்ப்பக்கக் கார்டு ரெயிலைப் பாருங்கள். சக்கரத்தை ஃப்ராக் முனையிலிருந்து விலக்கிப் பிடிப்பது அதுதான். சக்கரத்தின் அளவு சரியாக இருந்தும் முனையில் மோதினால் அந்தப் பள்ளம் அகலமாக இருக்கிறது என்று பொருள். கார்டு ரெயிலின் உள்முகத்தில் 0.25 மி.மீ. ஸ்டைரீன் பட்டையை ஒட்டி, தகட்டால் மறுபடி அளந்து பாருங்கள்.

அறிகுறி: ஒரே பெட்டி எங்கே போனாலும் புரள்கிறது

வரிசையாக நான்கு இடங்கள். முதலில் சக்கர இடைவெளி, தகட்டில் பொருந்த வேண்டும். அடுத்து போகி (பெட்டியின் அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்) திருகுகள். ஒரு போகி எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆட வேண்டும், மற்றது திரும்ப மட்டும் வேண்டும். இரண்டும் இறுகியிருந்தால் பாதையின் சிறு முறுக்கிலேயே ஒரு சக்கரம் தூக்கும். மூன்றாவது, கப்ளருக்கு (பெட்டிகளைக் கோக்கும் கொக்கி) அடியில் தொங்கும் காந்தக் கம்பி. தண்டவாள மட்டத்திலிருந்து கால் மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். தாழ்ந்தால் பாயின்ட்டில் மாட்டும், மேலே வளைத்துவிடுங்கள். நான்காவது எடை. என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைப்படி அடிப்படையாக அரை அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 0.15 அவுன்ஸ். கிராமில் (அடிக் கணக்கு நிஜப் பெட்டியின் நீளம்): 40 அடிப் பெட்டிக்கு 27, 50 அடிப் பெட்டிக்கு 30, 85 அடிப் பயணிகள் பெட்டிக்கு 41. குறைந்தால் பெட்டியின் தளத்தில், முடிந்தவரை தாழ்வாக, ஈயத் துண்டு ஒட்டுங்கள்.

அறிகுறி: குறுகிய ரயில் ஓடுகிறது, நீண்ட ரயில் வளைவில் உள்ளே சாய்கிறது

முன்னே இழுக்கும் விசையும் பின்னே பிடிக்கும் பாரமும் சேர்ந்து நடுப்பெட்டிகளை வளைவின் உள்பக்கம் இழுக்கின்றன. சுருள் பாதையில் வளைவும் ஏற்றமும் ஒன்றாக வருவதால் அங்கேதான் முதலில் தெரியும். கனமான பெட்டிகளை எஞ்சினை ஒட்டியும் காலியான தட்டைப் பெட்டிகளைக் கடைசியிலும் கோத்துப் பாருங்கள். பாதி நேரம் இதுவே போதும்.

போதவில்லை என்றால் வடிவமைப்பில்தான் கை வைக்க வேண்டும். வளைவின் ஆரம் மிக நீளமான பெட்டியைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். 85 அடிப் பெட்டி இந்த ஸ்கேலில் 162 மி.மீ., எனவே 486 மி.மீ. ஆரம். வாங்கும் ரெடிமேட் வளைவுகளில் 249, 282 மி.மீ. எல்லாம் உண்டு. குட்டி எஞ்சினும் 40 அடிப் பெட்டியும் அதில் ஓடும், பயணிகள் ரயில் ஓடாது. எஸ் வடிவில் எதிரெதிர் வளைவு வந்தால் நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்பாதை கட்டாயம்.

சுருள் பாதையின் கணக்கையும் சரிபாருங்கள். 381 மி.மீ. ஆரத்தில் ஒரு சுற்று 2.39 மீட்டர். ஒரு சுற்றுக்கு 50 மி.மீ. ஏறினால் ஏற்றம் 2.1 சதவீதம், நல்லது. ஆனால் அந்த 50-இல் பிளைவுட் 6 மி.மீ., பாதை சுமார் 4 மி.மீ. போனால் மிச்சம் 40. அமெரிக்க இரட்டை அடுக்குக் கன்டெய்னர் பெட்டிகளின் உயரம் நிஜத்தில் 20 அடி 2 அங்குலம், இங்கே 38.4 மி.மீ. புரண்டால் கைவிட்டு எடுக்க இடமே இல்லை. 60 மி.மீ. ஆக்கினால் ஏற்றம் 2.5 சதவீதமாகிவிடும். ஆரத்தை 450-ஆகப் பெருக்கினால் அதே 60 மி.மீ. 2.1 சதவீதத்தில் முடியும். இடம் இருந்தால் எங்கள் தேர்வு இதுதான். சுருள் பாதையில் மிச்சம் பிடித்த இடம் அதன்பின் ஒவ்வொரு ரயிலிலும் தொந்தரவாகத் திரும்பி வரும்.

அறிகுறி: தூரம் போகப் போக எஞ்சின் தளர்கிறது

டிசிசியில் பாதையில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்க வேண்டும். தளர்ந்தால் வழியில் எங்கோ இழப்பு. தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். வழக்கமான கலவையின் மின் கடத்தல் செம்பின் கடத்தலில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். மின்சாரத்தைத் தண்டவாளம் வழியே தூரம் அனுப்பக் கூடாது. அடியில் செம்புக் கம்பி ஓட வேண்டும்.

மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. மின்னோட்டமே இல்லாதபோது மோசமான இணைப்பும் முழு வோல்ட் காட்டும். பாரம் கொடுத்து அளக்க வேண்டும்:

1. 21 வாட் பல்பின் இரு முனையிலும் கம்பி, க்ளிப் பொருத்துங்கள். இது 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த பல்ப் முதல் கணத்தில் பல மடங்கு இழுப்பதால் பூஸ்டர் (பாதைக்கு மின்சாரம் தரும் டிசிசி கருவி) ட்ரிப் ஆகலாம். அப்படி ட்ரிப் ஆனால் 10 வாட் பல்பைப் பயன்படுத்துங்கள். பல்ப் சுடும், பாதையின் மேல் வைக்காதீர்கள்.
2. பூஸ்டருக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் மாட்டி ஏசி வரிசையில் அளவைக் குறியுங்கள். டிசிசி அலையைச் சாதாரண மீட்டர் துல்லியமாகக் காட்டாது. ஒரே மீட்டரால் இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் அது போதும்.
3. மிகத் தொலைவான இடத்தில் அதையே செய்யுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பழுது உறுதி.
4. அங்கிருந்து ஒவ்வொரு ஃபீடராக (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் கிளைக் கம்பி) பூஸ்டர் பக்கம் பின்னால் வாருங்கள். சட்டென்று அளவு கூடும் இடத்துக்கு முந்தைய இணைப்பு குற்றவாளி.

நிரந்தரத் தீர்வு: வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் கம்பியை பஸ் ஒயராக (பாதைக்கு அடியில் ஓடும் முதன்மைக் கம்பி) ஓட்டுங்கள். அதிலிருந்து ஒரு மீட்டருக்கு ஒன்றாக, 20 செ.மீ.க்கு மிகாத 0.5 ஸ்கொயர் எம்எம் ஃபீடர். ஒவ்வொரு தண்டவாளத் துண்டும் ஒரு ஃபீடரோடு நேரடியாகவோ, ஃபீடர் உள்ள துண்டோடு சால்டர் வழியாகவோ சேர்ந்திருக்க வேண்டும். ஜாயினரைக் கம்பி என்று நம்பாதீர்கள். பாதைக்குப் பெயின்ட் அடித்த பிறகு முதலில் கைவிடுவது அதுதான். பஸ் ஒயர் பத்து மீட்டரைத் தாண்டினால் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு மீட்டர் தூரத்திலும் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் நாணயத்தை ஒரு நொடிகூட விடாதீர்கள். அங்கே ஒரு வண்டி புரண்டு ஷார்ட் ஆனால் 5 ஆம்பியர், 12 வோல்ட், அதாவது 60 வாட் சூடு ஒரு பிளாஸ்டிக் போகிக்குள் இறங்கும். போகி உருகிவிடும். இந்தச் சோதனையைத் தள்ளிப் போடவே கூடாது.

அறிகுறி: பாயின்ட்டைக் கடக்கும்போது ஷார்ட் ஆகிறது, அல்லது எஞ்சின் நின்றுவிடுகிறது

இது ஃப்ராக்கின் வகையைப் பொறுத்தது. பிளாஸ்டிக் ஃப்ராக்கில் இரண்டு தண்டவாளங்கள் முனையில் மிக நெருங்கி வரும். அகலமான சக்கரம் இரண்டையும் ஒருசேரத் தொட்டு ஷார்ட் ஆகும். முனையிலிருந்து 10 மி.மீ. வரை நகப்பூச்சு தடவிப் பாருங்கள். ஷார்ட் நின்றால் காரணம் அதுவே. பூச்சு தேயும், ஆகவே நாளடைவில் அந்த இரண்டு தண்டவாளங்களையும் மெல்லிய வெட்டால் பிரிப்பது நல்லது.

உலோக ஃப்ராக் உள்ள பாயின்ட்டில் உள்பக்கத் தண்டவாளங்கள் இரண்டிலும் பிளாஸ்டிக் ஜாயினர் இல்லையென்றால், பாயின்ட்டை ஒரு பக்கம் போட்டதும் முழு லேஅவுட்டும் ஷார்ட். ஜாயினர் இருந்தும் எஞ்சின் நின்றால், நாக்கு முனை பக்கத் தண்டவாளத்தைத் தொடுவதை நம்பித்தான் ஃப்ராக்குக்கு மின்சாரம் போகிறது. அந்தத் தொடுகை அழுக்காகும். பாயின்ட் மோட்டாரில் உள்ள ஸ்விட்ச் வழியாக ஃப்ராக்குக்குத் தனிக் கம்பி கொடுங்கள். சக்கரங்கள் குறைவான குட்டி எஞ்சின்கள் உள்ள லேஅவுட்டில் இதற்கு மாற்றே இல்லை.

திரும்பு வளையத்துக்குள் (ரயில் சுற்றி வந்த வழியிலேயே திரும்பும் பாதை) நுழையும்போதோ வெளியேறும்போதோ ஷார்ட் என்றால் தானியங்கி ரிவர்ஸர் (வளையத்தின் மின்முனைகளை மாற்றும் கருவி) வேண்டும். ரிவர்ஸர் இருந்தும் ட்ரிப் ஆனால் வளையத்தின் நீளத்தைப் பாருங்கள். உலோகச் சக்கர ரயில் முழுதும், வளையத்தை மின்சாரத்தில் பிரிக்கும் தண்டவாள வெட்டுகளுக்கு நடுவே அடங்க வேண்டும். ரயிலின் தலை ஒரு வெட்டையும் வால் இன்னொன்றையும் ஒரே நேரத்தில் கடந்தால் ரிவர்ஸரால் எதுவும் செய்ய முடியாது.

எங்கே என்றே தெரியாத ஷார்ட்டுக்கு: பஸ் ஒயரை நடுவில் கழற்றுங்கள். ஷார்ட் எந்தப் பாதியில் நிற்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். நாலைந்து முறையில் ஒரு ஃபீடருக்கு வந்துவிடலாம்.

அறிகுறி: எஞ்சின் சொன்னதைக் கேட்பதில்லை

ஷார்ட்டுக்குப் பிறகு எஞ்சின் தானாக முழு வேகத்தில் பாய்ந்தால், டிகோடர் (எஞ்சினுக்குள் கட்டளையைப் படிக்கும் சிப்) பாதையைப் பழைய டிசி என்று நினைத்துக்கொண்டது. சிவி (டிகோடரில் பதியும் அமைப்பு எண்) 29-இல் டிசியில் ஓடும் அனுமதியை எடுங்கள்: 6 இருந்தால் 2, நீள முகவரி உள்ள எஞ்சினில் 38 இருந்தால் 34. விளக்கு எரிகிறது, எஞ்சின் நகரவில்லை என்றால் சிவி 19-ஐ 0 ஆக்குங்கள். முன்பு இரட்டை எஞ்சினாகக் கோத்தபோது பதிந்த எண் அழியாமல் இருக்கும். புரோகிராம் பாதையில் (டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் உள்ள தனித் தண்டவாளம்) படிக்கவே முடியவில்லை என்றால் டிகோடர் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதில் சொல்ல டிகோடர் 60 மில்லி ஆம்பியர் துடிப்பை 6 மில்லி விநாடி இழுத்தாக வேண்டும். என் ஸ்கேலின் சில சின்ன மோட்டார்களுக்கு அந்த அளவு வராது. சக்கரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், அல்லது ஓடும் பாதையில் வைத்தே எழுதுங்கள்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒருமுறை டிக்கென்று துள்ளினால் அது மின் பழுது அல்ல. அச்சில் உள்ள பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. ஒட்டினால் நிற்காது, மாற்றுங்கள்.

அறிகுறி: போன மாதம் ஓடியது, இப்போது ஓடவில்லை

வெயிலில் நிக்கல் சில்வர் நீளும். 10 மீட்டர் பாதை, 15 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 2.5 மி.மீ. ஆனால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் அதைவிடப் பெரிய எதிரி மரத்தின் ஈரம். மழைக்காலத்தில் சட்டம் ஊதும், கோடையில் சுருங்கும். தண்டவாளம் அப்படியே இருக்கும். சுருங்கும்போது பாதை பக்கவாட்டில் பிதுங்கும், ஊதும்போது இணைப்புகள் வாயைப் பிளக்கும். நேர்பாதையில் இரண்டு மீட்டருக்கு ஓர் இணைப்பைச் சால்டர் செய்யாமல் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். வெயில் காலத்தில் பாதை போட்டால் இடைவெளி குறைவாகவும், மார்கழிக் காலையில் போட்டால் கூடுதலாகவும் இருக்கட்டும். இடைவெளிக்கு இரு பக்கமும் ஃபீடர் இருக்க வேண்டும். வளைவில் இடைவெளி விடாதீர்கள், கோணம் விழும். பிளைவுட்டின் மேல், கீழ், வெட்டு ஓரங்கள் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடியுங்கள். ஈரம் அதிகம் குடிப்பது வெட்டு ஓரம்தான்.

அறிகுறி: துடைத்த இரண்டாம் நாளே விளக்கு சிமிட்டுகிறது, எஞ்சின் திக்குகிறது

பாதையைத் துடைத்துச் சக்கரத்தைத் துடைக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்ட டிஷ்யூ காகிதத்தைத் தண்டவாளத்தின் மேல் விரியுங்கள். எஞ்சினின் ஒரு போகி காகிதத்திலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் இருக்கட்டும். எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்ற விடுங்கள். காகிதத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழாத வரைக்கும் இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும், காகிதம் நனைந்து சொட்டக் கூடாது. பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரமாக மாற்றினால் அழுக்கு கண்கூடாகக் குறையும். உப்புத்தாளால் தண்டவாளத்தைத் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் அழுக்கு தங்கும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் எஞ்சினுக்குள் நறநறவென்று சத்தம் வந்தால் சரளையைச் சந்தேகப்படுங்கள். கடற்கரை மணலைச் சலித்துச் சரளையாகப் போடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கன்னியாகுமரி, மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட் போன்ற கறுப்புத் துகள்கள் நிறைய. காந்தம் ஈர்க்கும் துகளும் அதில் கலந்திருக்கும். தண்டவாளத்துக்கு மேல் சில மில்லிமீட்டரில் போகும் மோட்டாரின் காந்தம் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும், பற்சக்கரங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பாதையின் மேல் மெதுவாக இழுங்கள். பையின் வெளிப்பக்கம் கறுப்புப் பொடி மீசை போல் நிமிர்ந்து நின்றால் விடை கிடைத்துவிட்டது. பையைக் குப்பைத்தொட்டிக்கு மேல் உட்புறம் வெளியாகத் திருப்பினால் பொடி பையோடு போய்விடும். பொடி ஒட்டாத வரை திரும்பத் திரும்ப இழுங்கள். பசை போட்டு இறுகிய சரளை என்றால் மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, காந்தம் காட்டிச் சலித்த கருங்கல் பொடியைப் போடுங்கள். எஞ்சினைக் கழற்றிப் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத புது கிரீஸை ஊசி முனையளவு வையுங்கள்.